கறுப்பு-வெள்ளை ஸ்கேனை ஜேபிஜி, பிஎன்ஜி, எஸ்விஜி ஆக மாற்றும்போது என்ன நடக்கிறது? கையெழுத்து முதல் லோகோ வரை

வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறீர்கள். கையெழுத்தை ஸ்கேன் செய்த ஃபைல் கையில் இருக்கிறது. ஆனால் அது பிஎம்பி ஃபார்மட்டில், வெறும் கறுப்பு-வெள்ளையில் இருக்கிறது. இணையதளமோ ஜேபிஜி கேட்கிறது. கூகுளில் தேடி, முதலில் வரும் இலவச கன்வெர்ட்டரில் போட்டு மாற்றிவிடுகிறீர்கள். பார்த்தால் கையெழுத்தின் மெல்லிய கோடுகள் பாதி காணோம். மீதியைச் சுற்றி அழுக்கு படிந்த மாதிரி புள்ளிகள்.

இன்னொரு பக்கம், அலுவலக லோகோவை பேனருக்குக் கொடுத்தால் ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி வருகிறது. பழைய ஒப்பந்தத்தின் ஸ்கேன் காப்பியில் 1.5 என்பது 15 ஆகத் தெரிகிறது.

இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே விஷயம்தான். கறுப்பு-வெள்ளை பிட்மேப் படம் என்றால் என்ன, அதை வேறு ஃபார்மட்டுக்கு மாற்றும்போது எது கூடும், எது கூடாது? விரிவாகப் பார்ப்போம்.

மோனோகுரோம் பிட்மேப் என்றால் என்ன?

டிஜிட்டல் படம் என்பது பிக்சல் எனப்படும் சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது. செல்போனில் எடுக்கும் கலர் போட்டோவில் ஒவ்வொரு கட்டத்துக்கும் 24 பிட் தகவல் இருக்கும். அதனால் ஒரு கட்டம் சுமார் 1.67 கோடி நிறங்களில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம். கிரேஸ்கேல் எனப்படும் சாம்பல் படத்தில் ஒரு கட்டத்துக்கு 8 பிட். கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 படிகள்.

மோனோகுரோம் பிட்மேப்பில் ஒரு கட்டத்துக்கு ஒரே ஒரு பிட்தான். 0 அல்லது 1. கறுப்பு அல்லது வெள்ளை. நடுவில் எதுவும் கிடையாது.

இதனால் ஃபைல் மிகவும் சிறியதாகிறது. ஒரு ஏ4 பக்கத்தை 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 2480 × 3508 பிக்சல், அதாவது சுமார் 87 லட்சம் கட்டங்கள். சுருக்காமல் வைத்தால் 24 பிட் கலரில் இது சுமார் 26 எம்பி. கிரேஸ்கேலில் 8.7 எம்பி. ஒரு பிட்டில் வெறும் 1.1 எம்பி.

ஃபேக்ஸ் இயந்திரங்கள் இந்த வகைப் படத்தைத்தான் அனுப்பின. அதற்காகவே 1984-ல் வந்த குரூப் 4 என்ற சுருக்கும் முறை இன்றும் டிஃப், பிடிஎஃப் ஃபைல்களுக்குள் இருக்கிறது. எழுத்து மட்டும் உள்ள ஒரு பக்கத்தை அது சில பத்து கேபி-க்குள் அடக்கிவிடும். அலுவலக ஸ்கேனர்களில் 'பிளாக் அண்ட் ஒயிட்' தேர்வு இன்னும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஸ்கேன் செய்யும்போதே எது தொலைகிறது?

காகிதத்தில் இருப்பது சுத்தமான கறுப்பும் வெள்ளையும் அல்ல. பேனா மை சில இடத்தில் அடர்த்தியாக, சில இடத்தில் மெலிதாக இருக்கும். காகிதம் கொஞ்சம் மஞ்சளித்திருக்கும். ஸ்கேனர் இதை ஒரு பிட்டாக மாற்ற ஒரு கோடு போடுகிறது. 256 படிகளில் உதாரணமாக 128-க்குக் கீழே இருப்பதெல்லாம் கறுப்பு, மேலே இருப்பதெல்லாம் வெள்ளை. இந்தக் கோட்டுக்கு திரெஷோல்டு என்று பெயர்.

கோட்டுக்கு மேலே மயிரிழையில் நின்ற ஒரு மெல்லிய பேனாக் கோடு அப்படியே வெள்ளையாகிவிடும். அது அங்கே இருந்ததற்கான தடயமே ஃபைலில் இருக்காது.

முதலில் அடிபடுவது சின்னச் சின்னப் புள்ளிகள்தான். ஆங்கிலக் கணக்கில் அது தசமப் புள்ளி. தமிழில் அது மெய்யெழுத்தின் மேலே உள்ள புள்ளி. 'க்' என்பது 'க' ஆகிவிட்டால் சொல்லே மாறிப்போகும். இந்தியில் எழுத்தின் மேலே வைக்கும் பிந்திக்கும் இதே கதிதான். நம் மொழிகளின் பழைய ஆவணங்களை ஒரு பிட்டில் ஸ்கேன் செய்து ஓசிஆர்-க்குக் கொடுக்கும்போது பிழைகள் வர இது ஒரு முக்கியக் காரணம்.

ரப்பர் ஸ்டாம்பு இன்னொரு சிக்கல். ஊதா நிற முத்திரைக்கு அடியில் நீல மைக் கையெழுத்து இருந்தால், கலரில் இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். ஒரு பிட்டில் இரண்டும் சேர்ந்து ஒரே கறுப்புத் திட்டாகிவிடும்.

ஃபார்மட்டை மாற்றினால் தரம் கூடுமா?

கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைக்க வேண்டும் என்றால் அது இதுதான்.

சின்ன டப்பாவில் இருந்த அரிசியைப் பெரிய அண்டாவில் கொட்டினால் அரிசி கூடிவிடுமா? அதே கதைதான். ஒரு பிட் பிஎம்பி-யை 24 பிட் படமாக மாற்றினால், ஒவ்வொரு கட்டமும் 1.67 கோடி நிறங்களைத் தாங்கும் இடத்தைப் பெறுகிறது. ஆனால் அதற்குள் இருப்பது அதே கறுப்பும் அதே வெள்ளையும்தான். ஃபைல் 24 மடங்கு பெருக்கும். தொலைந்த கோடு திரும்ப வராது.

அப்போ ஏன் மாற்ற வேண்டும்? மூன்று நியாயமான காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, எதிர்த்தரப்பு அந்த ஃபார்மட்டைத்தான் ஏற்கும். இரண்டு, படத்தின் மேல் கலர், நிழல், ஒளி ஊடுருவும் பின்னணி போன்றவற்றைச் சேர்க்க வேண்டும். மூன்று, படத்தைச் சிறிதாக்கவோ பெரிதாக்கவோ வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஏற்ற ஃபார்மட் வேறு.

ஜேபிஜி ஏன் இதற்குச் சரிப்படாது?

ஜேபிஜி தரநிலை 1992-ல் போட்டோக்களுக்காக வந்தது. படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் அலைகளின் கூட்டலாக எழுதுகிறது. கண்ணுக்கு அதிகம் தெரியாத நுண்ணிய அலைகளைக் கழித்துவிடுகிறது. வானம், முகம், மரம் போன்ற படங்களில் நிறம் மெதுவாக மாறும் என்பதால் இது அருமையாக வேலை செய்யும்.

ஆனால் எழுத்தில் நிறம் மெதுவாக மாறுவதில்லை. வெள்ளையிலிருந்து சட்டென்று கறுப்புக்குத் தாவுகிறது. அந்தத் தாவலை எழுதத் தேவைப்படுவதே ஜேபிஜி கழிக்கும் நுண்ணிய அலைகள்தான். அவை போனதும் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்த மாதிரி சாம்பல் புள்ளிகள் தோன்றும். திறந்து, திருத்தி, மறுபடி மறுபடி ஜேபிஜி ஆக சேவ் செய்தால் இந்த அழுக்கு கூடிக்கொண்டே போகும்.

இன்னொன்று, ஜேபிஜி-யில் ஒரு பிட் என்ற வசதியே இல்லை. குறைந்தபட்சம் 8 பிட் சாம்பல்தான். அதனால் எழுத்துப் பக்கத்தை இதில் மாற்றினால் பெரும்பாலும் ஃபைலும் பெரிதாகும், தரமும் குறையும். இரண்டு பக்கமும் நஷ்டம்.

அப்போ எதில் மாற்றலாம்?

கேட்பவர் ஜேபிஜி-தான் வேண்டும் என்று சொல்லாத வரை, பிஎன்ஜி பாதுகாப்பான தேர்வு. காரணம், இது ஒரு பிக்சலைக்கூட மாற்றாமல் சுருக்கும்.

இதன் பின்னணி சுவாரஸ்யமானது. 1987-ல் வந்த ஜிஃப் ஃபார்மட்டில் பயன்பட்ட சுருக்கும் முறைக்கு யுனிசிஸ் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. 1990-களின் நடுவில் கட்டணப் பிரச்னை கிளம்பவே, இணையத்தில் இருந்த நிரலாளர்கள் சேர்ந்து கட்டணமில்லாத மாற்றாக பிஎன்ஜி-யை உருவாக்கினார்கள். 1996-ல் அது டபிள்யூ3சி-யின் பரிந்துரையானது.

பிஎன்ஜி-யில் 1, 2, 4, 8, 16 பிட் என்று எல்லா அளவும் உண்டு. எனவே ஒரு பிட் படத்தை ஒரு பிட்டாகவே இதில் வைக்கலாம், ஃபைல் ஊதிப் பெருக்காது. வெள்ளையை மட்டும் ஒளி ஊடுருவுவதாகவும் மாற்றலாம். ஆஃபர் லெட்டர், இன்வாய்ஸ் போன்றவற்றில் கையெழுத்துப் படத்தை ஒட்டும்போது பின்னால் வெள்ளைப் பெட்டி தெரியாமல் இருக்க இதுதான் வழி.

மாற்றியதும் படம் நெகட்டிவ் மாதிரி தலைகீழாக, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக வந்தால் பயப்பட வேண்டாம். சில ஃபார்மட்களில் 1 என்றால் கறுப்பு, பிபிஎம் அப்படித்தான். ஒரு பிட் சாம்பல் பிஎன்ஜி-யில் 1 என்றால் வெள்ளை. டிஃப்பில் இரண்டும் உண்டு, எது என்று ஃபைலே சொல்லும். கன்வெர்ட்டர் அதைக் கவனிக்காவிட்டால் இப்படி ஆகும். 'இன்வெர்ட்' கொடுத்தால் சரியாகிவிடும். தகவல் எதுவும் தொலையவில்லை.

சாம்பல் நிறத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

ஒரு விலை கொடுத்தால் முடியும். அந்த விலை ரெசல்யூஷன்.

உங்களிடம் 600 டிபிஐ-யில் ஒரு பிட் ஸ்கேன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 300 டிபிஐ ஆக்கினால், பழைய நான்கு கட்டங்கள் சேர்ந்து ஒரு புதிய கட்டமாகும். நான்கில் எத்தனை கறுப்பு என்பதைப் பொறுத்து 5 விதமான அடர்த்தி கிடைக்கும். 1200-லிருந்து 300-க்கு வந்தால் 16 கட்டங்கள் ஒன்றாகும், 17 படிகள் கிடைக்கும். இவை கற்பனை அல்ல, ஃபைலில் ஏற்கெனவே இருந்த தகவலிலிருந்து வந்த உண்மையான படிகள். எழுத்தின் ஓரத்தில் இருந்த படிக்கட்டு மறைந்து, திரையில் வழவழப்பாகத் தெரியும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. முதலில் படத்தை கிரேஸ்கேலாக மாற்றிவிட்டு, அதன் பிறகுதான் அளவைக் குறைக்க வேண்டும். ஒரு பிட்டில் இருக்கும்போதே சிறிதாக்கினால் சாம்பலுக்கு இடமில்லாததால் கட்டங்கள் தூக்கி எறியப்படும், மெல்லிய கோடுகள் அறுந்துபோகும். ஃபோட்டோஷாப்பில் பிட்மேப் மோடிலிருந்து கிரேஸ்கேலுக்கு மாறும்போது 'சைஸ் ரேஷியோ' என்று ஒரு எண் கேட்கும். பலர் அதைக் கவனிக்காமல் ஓகே கொடுத்துவிடுவார்கள். மேலே சொன்ன கணக்கைத்தான் அது கேட்கிறது. 2 கொடுத்தால் படம் அகலத்திலும் உயரத்திலும் பாதியாகும்.

லோகோவைப் பெரிதாக்க வேண்டுமென்றால்?

இங்கே பிஎன்ஜி-யும் போதாது. 300 பிக்சல் லோகோவை 10 அடி பேனருக்கு இழுத்தால் ஒவ்வொரு கட்டமும் சதுரமாகக் கண்ணில் தெரியும். தேவைப்படுவது வெக்டார் படம். இதில் கட்டங்கள் கிடையாது. 'இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு இப்படி வளைந்து ஒரு கோடு' என்ற கணிதக் குறிப்புதான் இருக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் உடையாது. இணையத்தில் இதற்கான பொது ஃபார்மட் எஸ்விஜி. 2001-ல் டபிள்யூ3சி பரிந்துரையானது.

கறுப்பு-வெள்ளைப் படத்துக்கு இங்கே ஒரு அனுகூலம் இருக்கிறது. எது உள்ளே, எது வெளியே என்பது அதில் தெளிவாக இருப்பதால் ஓரத்தைக் கண்டுபிடித்து வளைவாக எழுதுவது எளிது. இதற்கு டிரேஸிங் என்று பெயர். பீட்டர் செலிஞ்சர் என்ற கணிதவியலாளர் உருவாக்கிய போட்ரேஸ் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்கிறது. அதையே உள்ளடக்கிய இங்க்ஸ்கேப்பில் 'பாத்' மெனுவில் 'டிரேஸ் பிட்மேப்' என்று தேடினால் கிடைக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். டிரேஸிங் என்பது ஊகம்தான். மிகச் சிறிய படத்தைக் கொடுத்தால் கூர்மையான மூலை வட்டமாகலாம். அதிலுள்ள 'ஸ்பெக்கிள்ஸ்' என்ற தேர்வு தூசியை நீக்குவதற்காக வைத்தது. அது சின்னப் புள்ளிகளை அழித்துவிடும். தமிழ் எழுத்துள்ள லோகோ என்றால் மெய்யெழுத்தின் புள்ளி போய்விட்டதா என்று கட்டாயம் பாருங்கள். பிரிண்ட் ஆன பிறகு பார்த்துப் பயனில்லை.

டிரேஸ் செய்வதற்கு முன், லோகோவை வடிவமைத்தவரிடம் அசல் வெக்டார் ஃபைல் இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

க்யூஆர் குறியீட்டுக்கு என்ன செய்வது?

க்யூஆர் என்பதும் ஒரு பிட் படம்தான். 1994-ல் ஜப்பானின் டென்சோ வேவ் உருவாக்கியது. அதிகபட்ச பிழைதிருத்த அளவில் சுமார் 30 சதவீதம் சேதமானாலும் படிக்கும். அதனால் கொஞ்சம் ஜேபிஜி அழுக்கு ஒட்டினாலும் திரையில் வேலை செய்யும். ஆனால் அழுக்கோடு சேர்த்துச் சிறிதாக அச்சடித்து, கடையில் மங்கலான வெளிச்சத்தில் வைத்தால் தடுமாறலாம். எஸ்விஜி அல்லது பிஎன்ஜி-யில் வைத்திருங்கள். பெரிதாக்கினால் 2, 3, 4 மடங்கு என்று முழு எண்ணில் பெரிதாக்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போட்டோவாக அல்ல, 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் மறுபடி சுருக்கப்பட்டுவிடும்.

எண்களே மாறிய கதை

மங்கலாவது ஒரு பிரச்னை என்றால், தெளிவாக இருந்தும் தப்பாக இருப்பது அதைவிடப் பெரிய பிரச்னை. 2013 ஆகஸ்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கணினி வல்லுநர் டேவிட் கிரீசல் இப்படி ஒன்றை வெளியிட்டார். ஜெராக்ஸ் ஒர்க்சென்டர் இயந்திரத்தில் ஒரு கட்டட வரைபடத்தை ஸ்கேன் செய்திருக்கிறார்கள். அசலில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். ஸ்கேன் காப்பியில் மூன்றுமே 14.13.

எழுத்து மங்கவில்லை. அச்சு மாதிரி சுத்தமாக இருந்தது. எண்தான் வேறு.

காரணம், ஜேபிக்2 என்ற சுருக்கும் முறை. ஒரு பிட் படங்களுக்காகவே உருவானது இது. பக்கத்தில் ஒரே மாதிரி இருக்கும் எழுத்துகளைத் தேடி, ஒன்றை மட்டும் சேமித்துவிட்டு மற்ற இடங்களில் அதையே ஒட்டும் வசதி அதில் உண்டு. 'ஒரே மாதிரி' என்ற தீர்ப்பு தப்பினால் 6 இருந்த இடத்தில் 8 வந்து உட்காரும். குறைந்த தர அமைப்பில்தான் இப்படி ஆகும் என்று முதலில் சொன்ன நிறுவனம், உயர்தர அமைப்பிலும் நிகழலாம் என்று பிறகு ஒப்புக்கொண்டு, திருத்தப்பட்ட மென்பொருளை வெளியிட்டது. ஜேபிக்2-வில் எதையும் மாற்றாமல் சுருக்கும் முறையும் இருக்கிறது. பிரச்னை, தோராயமாக ஒட்டும் முறையில்தான்.

இன்று ஏஐ மூலம் படத்தைத் தெளிவாக்கும் செயலிகளுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். மங்கலான எண்ணை அவை படிப்பதில்லை, எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து வரைகின்றன. போஸ்டருக்கு அது பரவாயில்லை. பத்திரம், மதிப்பெண் பட்டியல், மருத்துவ அறிக்கை என்றால் வேண்டவே வேண்டாம்.

விண்ணப்பத்துக்கான கையெழுத்து: என்ன செய்யலாம்?

ஐபிபிஎஸ் வங்கித் தேர்வு அறிவிப்புகளில் கையெழுத்துப் படத்துக்கு 140 × 60 பிக்சல், 10 முதல் 20 கேபி என்று குறிப்பிடுவது வழக்கம். ஸ்கேனரைக் குறைந்தது 200 டிபிஐ-யிலும் 'ட்ரூ கலர்' அமைப்பிலும் வைக்கச் சொல்வதும் வழக்கம். ஏன் ட்ரூ கலர் என்பதற்கு இப்போது விடை தெரிந்திருக்கும்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 140 × 60 என்றால் 8,400 கட்டங்கள். ஒரு பிட்டில் அது வெறும் 1 கேபி-தான். 24 பிட் கலரில், சுருக்காமல், 25 கேபி. எனவே 'ஃபைல் மிகச் சிறியது' என்று இணையதளம் திருப்பி அனுப்பினால் உங்கள் ஸ்கேன் எந்த அமைப்பில் எடுக்கப்பட்டது, ஜேபிஜி தரம் எவ்வளவு குறைவாக வைக்கப்பட்டது என்ற இரண்டையும் பாருங்கள்.

சரியான வழி இதுதான். வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் கையெழுத்திட்டு, கலரில் ஸ்கேன் செய்யுங்கள். கையெழுத்தை மட்டும் வெட்டி எடுங்கள். அளவைக் குறையுங்கள். கடைசியாக ஒரே ஒரு முறை ஜேபிஜி ஆக சேவ் செய்து, 'குவாலிட்டி' அளவை ஏற்றி இறக்கி, கேட்கும் கேபி-க்குள் கொண்டுவாருங்கள். விதிகள் தேர்வுக்குத் தேர்வு மாறும் என்பதால் அந்தந்த அறிவிப்பையும் ஒரு முறை படித்துவிடுங்கள்.

ஆன்லைன் கன்வெர்ட்டரில் போடலாமா?

லோகோ என்றால் பெரிய ஆபத்தில்லை. கையெழுத்து, அடையாள அட்டை, ஒப்பந்தம் என்றால் யோசியுங்கள். ஃபைல் பல நேரம் யாரோ ஒருவரின் சர்வருக்குப் போகிறது. அங்கே எவ்வளவு நாள் இருக்கும் என்று உங்களால் சரிபார்க்க முடியாது.

இந்த வேலைக்கு இணையமே தேவையில்லை. விண்டோஸின் பெயின்டிலேயே பிஎம்பி-யைத் திறந்து பிஎன்ஜி, ஜேபிஜி ஆக சேவ் செய்யலாம். கிம்ப், இங்க்ஸ்கேப் இரண்டும் இலவசம். பெயின்டில் சேவ் செய்யும்போது பட்டியலில் 'மோனோகுரோம் பிட்மேப்' என்று ஒன்று இருக்கும். கலர் படத்தைத் தப்பித்தவறி அதில் சேவ் செய்துவிட்டால் கலர் போனது போனதுதான்.

சுருக்கமாக

- எழுத்துப் பக்கம், கோட்டுப்படம்: பிஎன்ஜி, அல்லது எதையும் மாற்றாமல் சுருக்கிய பிடிஎஃப்.
- லோகோ, பேனர்: எஸ்விஜி. டிரேஸ் செய்த பிறகு புள்ளிகளைச் சரிபார்க்கவும்.
- க்யூஆர்: எஸ்விஜி அல்லது பிஎன்ஜி.
- ஜேபிஜி கட்டாயம் என்றால்: கலர் அல்லது கிரேஸ்கேல் அசலிலிருந்து, கடைசிப் படியில் ஒரே முறை.
- எண்கள் உள்ள ஆவணம்: மாற்றிய பிறகு அசலோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.
- காகிதம் கையில் இருந்தால்: கன்வெர்ட்டரைத் தேடுவதற்கு முன், கலரில் மறுபடி ஸ்கேன் செய்யவும். தொலைந்த கோடு காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது.